பயன்படுத்திய சிறிய கார்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் கவனிக்க வேண்டியவை

பயன்படுத்திய சிறிய கார்களை, வாங்கப்போகிறவர்களின் சார்பில் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த மாடல் நல்லது என்பது. அடுத்துக் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியாகப் பார்க்கலாம் என்பது. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் ஒரே ஆலையிலிருந்து ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு கார்களுள் ஒன்று பத்தாண்டு கழித்தும் சீராக ஓடுவதையும், மற்றொன்று இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டிய நிலையில் வந்து நிற்பதையும் தொடர்ந்து பார்த்துவருகிறவன் என்ற முறையில், மாடலின் பெயரைவிட அந்தக் குறிப்பிட்ட வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதற்கே நான் அதிக மதிப்புத் தருகிறேன்.

கிலோமீட்டர் குறைவாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை பலரிடம் உறுதியாக இருக்கிறது. தினமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடி நிறுத்தப்படும் காரில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. எரியாமல் கசியும் பெட்ரோலும் எரிதலில் உண்டாகும் நீராவியும் ஆயிலில் கலந்து, வெளியேற வழியின்றி அதிலேயே தங்குகின்றன. சைலன்சருக்குள் தேங்கும் நீர் அதை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது. பேட்டரியும் முழுமையாகச் சார்ஜ் ஆவதில்லை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி, உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்ட கார், இப்படி முப்பதாயிரம் ஓடிய காரைவிட நல்ல நிலையில் இருப்பது அரிதல்ல. மேலும், மீட்டர் காட்டும் எண்ணையே மாற்றிவிட முடியும் என்பதால், அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஸ்டீயரிங்கின் மேல்தோல் பளபளத்து, ஓட்டுநர் இருக்கையின் வெளிவிளிம்பு அமுங்கிப்போயிருக்கும் வண்டியில் மீட்டர் இருபதாயிரத்தைக் காட்டினால், நம்ப வேண்டியது பெடலைத்தான்.

ஆகவே வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே சர்வீஸ் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சர்வீஸின்போதும் குறிக்கப்பட்ட தேதியும் கிலோமீட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவரிசையில் இருக்கின்றனவா, ஆயில் மாற்றங்களுக்கு இடையில் நீண்ட இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அது மாற்றப்பட்டதற்கு ரசீது இருக்க வேண்டும். இந்தப் பெல்ட்டைத் தயாரிப்பாளரைப் பொறுத்து 60,000 முதல் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் வரையிலான ஏதோ ஓர் எல்லையில், அல்லது குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்தவுடன், எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்லியிருப்பார்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அதன்பின் வரும் செலவு சில சமயம் காரின் விலையையே தொட்டுவிடும். ரசீது இல்லை என்றால் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுவதே முறை. சில சிறிய டர்போ இன்ஜின்களில் இந்தப் பெல்ட் ஆயிலுக்குள் நனைந்தபடியே ஓடுகிறது. தவறான ஆயில் ஊற்றினாலோ மாற்றாமல் விட்டாலோ பெல்ட் உதிர்ந்து, அதன் துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும். அத்தகைய இன்ஜின் உள்ள வண்டியைப் பதிவுகள் இல்லாமல் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் பார்க்க வேண்டியவற்றுள் பாதியை இழந்துவிட்டீர்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம். குளிர்ந்த இன்ஜினில் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலின் அளவையும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தையும் பாருங்கள். கெட்டியான கறுப்புப் படிவு இருந்தால் ஆயில் மாற்றம் புறக்கணிக்கப்பட்டிருக்கிறது. பால் கலந்தது போன்ற நுரை இருந்தால், ஒன்று குறுகிய ஓட்டங்களில் சேர்ந்த ஈரமாக இருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) வழியாகக் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிவதாக இருக்கலாம். பின்னது என்றால் கூலன்ட் தொட்டியின் அளவும் குறைந்திருக்கும். அந்தத் தொட்டியில் நிறமுள்ள கூலன்ட்டுக்குப் பதிலாகத் துரு நிறத்தில் நீர் நின்றால், முந்தைய உரிமையாளர் வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்று பொருள்.

பிறகு இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினிலிருந்து சிறிது நேரம் மெல்லிய வெண்ணிற ஆவி வருவது இயல்பு. சூடேறிய பின்பும் அது அடர்த்தியாகவும் இனிய வாடையோடும் தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்த கணத்தில் மட்டும் வந்து நின்றால் வால்வு சீல்களும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகளும் தேய்ந்திருக்கும். பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயின் உள்ள இன்ஜினில், ஸ்டார்ட் ஆனதும் சில நொடிகள் கலகலவென்று உலோகச் சத்தம் கேட்டு அடங்கினால் செயினோ அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரோ தளர்ந்திருக்கலாம். செயினுக்கு மாற்றமே தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. ஆயிலைக் காலந்தாழ்த்தி மாற்றிய வண்டிகளில் அதுவும் நீண்டுவிடுகிறது.

சாவியைத் திருப்பியதும், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். இதைப் பார்க்க ஐந்து நொடி போதும், ஆனால் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதைவிட, ஒருமுறைகூட எரியாமல் இருப்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும், ஏனெனில் பழுதை மறைக்க விளக்கின் இணைப்பே துண்டிக்கப்பட்டிருக்கலாம். அடுத்து ஒரு ஸ்கேனரை இணைத்து, காரின் கணினி பதிவு செய்திருக்கும் பழுதுக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இதற்கான பொது இணைப்பு கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதைக் காணலாம். குறியீடு எதுவும் இல்லை என்று திரையில் வந்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் காரின் கணினி தானாகவே சோதித்து முடித்திருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேனர் காட்டும். அந்தச் சோதனைகளுள் பல முடிவடையாமல் இருந்தால், பேட்டரி சமீபத்தில் கழற்றப்பட்டிருக்கிறது, அல்லது உங்கள் வருகைக்குச் சற்று முன்பு குறியீடுகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. விற்பவரிடம் காரணத்தைக் கேட்டுவிட்டு, வண்டி சில நாட்கள் ஓடியபின் மீண்டும் படித்துப் பாருங்கள்.

உடற்பகுதியைப் பகல் வெளிச்சத்தில், உலர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் ஈரம் எல்லாப் பெயிண்டையும் ஒரே மாதிரி பளபளக்கச் செய்துவிடும். கதவுகளுக்கும் ஃபெண்டர்களுக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, பானெட்டையும் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி இருந்தால், ஆலைப் பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி பூசப்பட்டிருக்கிறது. பம்பரில் கீறலுக்காகச் செய்த பெயிண்ட் வேலை ஒரு குறையே ஆகாது. கூரையிலும் கதவுத் தூண்களிலும் முன்பக்கச் சட்டங்களிலும் வெல்டிங் செய்த தடயம் இருந்தால் வேறு வண்டியைப் பாருங்கள். மோதலின் விசையைத் தாங்கிப் பயணிகளைக் காக்க வேண்டிய பகுதிகள் அவை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பது நல்ல வழி. வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். இருக்கைத் தண்டவாளங்களின் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் படிந்த வண்டல், தரைவிரிப்பின் அடியில் ஈர வாடை ஆகியவையும் அதையே சொல்லும். மின் இணைப்புகளுக்குள் நுழைந்த நீர் பல மாதங்கள் கழித்தும் புதிய புதிய பழுதுகளைக் கொண்டுவரும் என்பதால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இத்தகைய காரை விட்டுவிடச் சொல்வேன்.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பி மெதுவாக நகர்த்துகையில் டக் டக் என்று சத்தம் வந்தால் முன்சக்கர டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு தேய்ந்திருக்கிறது. வேகத்தோடு சேர்ந்து உயரும் ரீங்காரம் வீல் பேரிங்கிலிருந்து வரலாம். கைக் கியர் வண்டியில் மேல் கியரில் குறைந்த வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள்; வேகம் ஏறாமல் இன்ஜின் சுழற்சி மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. தானியங்கிக் கியர் வண்டியை நெரிசலில் ஊர்ந்து செல்ல வைத்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் அதிர்வும் தயக்கமும் அங்கேதான் வெளிப்படும்.

சேசிஸ் எண்ணில் 17 எழுத்துகளும் எண்களும் இருக்கும். பத்திரத்திலும் வண்டியிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, தயாரிப்பாளரின் இணையதளத்திலோ விற்பனை நிலையத்திலோ அதைக் கொடுத்து, திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்றும் கேளுங்கள். தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் பையை ஊத வைப்பதற்காக இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, பை விரியும்போது உலோகத் துண்டுகளைப் பயணிகள்மீது வீசியதால் உலகெங்கும் கோடிக்கணக்கான ஏர்பேக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அவை பொருத்தப்பட்ட வண்டிகளுள் சிறிய கார்களும் ஏராளம். அந்த ஏர்பேக் மாற்றப்படாமல் கைமாறிய வண்டியை ஓட்டுவது உயிருக்கே ஆபத்து; ஏர்பேக்கை மாற்றித் தரும் செலவைத் தயாரிப்பாளர்களே ஏற்கிறார்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்கள் அதன் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் நிறைய இருந்தாலும் பத்தாண்டு கடந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். ஒரே ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டையோ சஸ்பென்ஷனையோ பார்க்க வேண்டும்.

வாங்கிய முதல் வாரத்திலேயே, முந்தைய உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும், இன்ஜின் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். கூலன்ட், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர் ஆகியவற்றையும் எப்போது மாற்றினார்கள் என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் மாற்றுங்கள். அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டால், அடுத்த கணக்கு அங்கிருந்து தொடங்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட மலையிறக்கத்தில் பிரேக் பெடல் திடீரென்று மிதமிஞ்சி உள்ளே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதால், இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதை நான் வலியுறுத்துகிறேன். கியர் ஆயில் வாழ்நாள் முழுதும் போதும் என்று சில கையேடுகள் சொன்னாலும், சிவிடி எனப்படும், படிநிலைகளற்ற தானியங்கிக் கியர்பெட்டியை அதன் ஆயிலை மாற்றாமலே பல ஆண்டுகள் ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அதற்கென்று குறிப்பிட்ட ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றவும் கூடாது.

அதன்பின் இன்ஜின் ஆயிலைக் கையேடு சொல்லும் கிலோமீட்டரிலோ, ஓட்டம் குறைவு என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறையோ மாற்ற வேண்டும். கையேட்டில் 0டபிள்யூ-20 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் குறியீடு) என்று எழுதியிருந்தால், கெட்டியான ஆயில் நல்லது என்று யாரோ சொன்னதற்காக வேறொன்றை ஊற்ற வேண்டாம். மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், ஏனெனில் வயதான இன்ஜின் ஆயிலைச் சிறிது குடிப்பது இயல்பு, அளவு குறைவதை உணராமல் ஓட்டுவதே அதைக் கெடுக்கிறது. டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். கிரீஸ் வெளியேறி மண் புகுந்துவிட்டால் அந்தச் சிறு செலவு மூட்டு முழுவதையும் மாற்றும் செலவாகிவிடும்.

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அந்த நொடியே இன்ஜினை அணையுங்கள். ஆயில் அழுத்தமின்றி ஓடும் ஓரிரு நிமிடங்களில் பேரிங்குகள் பாழாகிவிடும். வெப்பநிலை முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிட்டு, உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூடு முழுதும் தணியும் வரை தொடவே கூடாது. பணிமனை அருகில்தான் இருக்கிறது, அதுவரை ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடு வந்த கார்களில் சிலிண்டர் ஹெட் வளைந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதே வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்திருந்தால் பழுதான தெர்மோஸ்டாட்டையோ ஒரு குழாயையோ மாற்றுவதோடு வேலை முடிந்திருக்கும்.