கப்பல் வேலைக்குப் போன பெரியப்பாவைத் தேடும் முன்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கடல் கிடையாது. ஆனாலும் பாகப்பிரிவினை வழக்குகளில் அவ்வப்போது ஒரு கப்பல்காரர் வந்துவிடுவார். பட்டாவில் பெரியப்பாவின் பெயரும் கூட்டாக இருக்கும். மொரப்பூரில் ரயிலேறிப் போனார், கப்பலில் வேலை என்று ஒன்றிரண்டு கடிதம் வந்தது, அப்புறம் ஆளைப் பற்றித் தகவலே இல்லை. வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனால் இறப்புச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்வார்கள். அந்த இடத்தில் நின்றுபோய்த்தான் என் போன்ற சிவில் வழக்கறிஞர்களிடம் வருகிறார்கள்.

முதலில் நான் கேட்பது, அவர் கப்பலில் வேலை செய்தாரா, பயணியாகப் போனாரா என்பதைத்தான். குடும்பத்தில் 'கப்பலுக்குப் போனவர்' என்று சொல்லப்படும் பலர் மலேயா எஸ்டேட்டுக்குப் போனவர்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா போன்ற கப்பல்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. அப்படிப் போனவரை மாலுமிகளின் ஆவணங்களில் எத்தனை வருஷம் தேடினாலும் கிடைக்கமாட்டார். பழைய கடித உறையைப் பாருங்கள். எஸ்டேட் முகவரியா, கப்பல் கம்பெனி ஏஜென்ட் முகவரியா என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

வேலைக்காரர்தான் என்று தெரிந்துவிட்டால், அவர் பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். கப்பலின் பெயரை வைத்துத் தேடுங்கள். பென்னாகரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று தகரப் பெட்டியிலிருந்து ஒரு டிஸ்சார்ஜ் புத்தகத்தை, அதாவது மாலுமி எந்தெந்தக் கப்பலில் வேலை செய்தார் என்ற பதிவேட்டை, எடுத்து வந்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. எல்லோரும் போட்டோ இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது நியாயம்தான். எனக்கு வேண்டியது உள்பக்கம். ஒரு வரியில் கப்பலின் பெயர், அதன் அதிகாரபூர்வ எண், பதிவான துறைமுகம், ஏறிய தேதி, இறங்கிய தேதி, என்ன வேலை என்ற விவரம், கடைசியில் வேலைக்கும் நடத்தைக்குமாக இரண்டு 'வெரி குட்' முத்திரைகள். பதிவான துறைமுகம் கிளாஸ்கோ என்றிருந்தது. அந்த ஒரு சொல்லே போதும், காகிதங்களைத் தேடவேண்டிய இடம் பிரிட்டன் என்று தெரிந்துவிட்டது. கப்பலை விற்றுப் பெயரை மாற்றியிருந்தாலும் பிரிட்டிஷ் பதிவில் இருக்கும்வரை அந்த எண் மாறாது.

பிரிட்டிஷ் கப்பல்களில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஆட்களோடு ஒப்பந்தம் எழுதி, பிறகு அரசிடம் ஒப்படைப்பார்கள். 1939 முதல் 1950 வரையிலானவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதற்கு முந்தையவை சிதறிக் கிடக்கின்றன. சுமார் பத்தில் ஒரு பங்கு கியூவில், 5இல் முடியும் ஆண்டுகளின் கட்டுகளில் மீதி பெரும்பாலும் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில், மற்றவற்றில் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள கடல் வரலாற்றுக் காப்பகத்தில். 1915ஆம் ஆண்டின் பட்டியலை இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம். இந்தியாவில் பதிவான, இந்தியக் கொடிக் கப்பல் என்றால் வழி வேறு. மாலுமிகளின் பதிவைக் கவனிக்கும் சென்னை, மும்பை, கொல்கத்தா ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகங்களுக்கு எழுதவேண்டும். மாலுமிகளுக்கான வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1966இல் வந்தது. அதற்குப் பிறகும் பணியில் இருந்தவர் என்றால் மும்பையில் உள்ள அந்த நிதி அமைப்பிடமும் கேட்கலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பலுக்குப் போனவர் என்றால், போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். கடலோடு போய் கல்லறையே இல்லாத ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் பம்பாய், சிட்டகாங் நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. தேடக் கட்டணம் இல்லை. 'வெள்ளைக்காரன் பென்ஷன் வாங்கித் தருகிறேன்' என்று முன்பணம் கேட்பவரிடம் தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தேடும்போது ஊரையும் பழைய கணக்கில் தேடவேண்டும். தருமபுரி தனி மாவட்டமானது 2.10.1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 9.2.2004இல். 1965க்கு முந்தைய காகிதத்தில் ஓசூர்க்காரரும் அரூர்க்காரரும் சேலம் ஜில்லாக்காரர்கள். பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முனுசாமி மூனிசாமியாகவோ முன்சாமியாகவோ இருக்கலாம். அப்பா பெயரும் ஊரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாமே என்று கேட்பார்கள். சட்டம் அப்படித்தான் அனுமானிக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 108, 1.7.2024 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் பிரிவு 111. ஆனால் இறந்தார் என்று மட்டும்தான் அனுமானிக்கலாம், எந்தத் தேதியில் இறந்தார் என்று அனுமானிக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2004இல் எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நிலம் யாருக்கு என்பதோ தேதியைப் பொறுத்த விஷயம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 17.6.1956இல் நடைமுறைக்கு வந்தது. பெரியப்பா 1943இல் கடலில் இறந்தார் என்று கப்பல் பதிவேடு காட்டினால் பழைய சட்டப்படி ஒரு கணக்கு, 1960இல் இறந்திருந்தால் வேறு கணக்கு. அவருடைய மகள்களுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதே அதில் மாறிப்போகும். குடும்பத்துப் பெண்கள் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்று உங்கள் வீட்டுப் பிள்ளை கப்பலில் இருந்தால் இத்தனை அலைச்சல் வேண்டாம். அவருடைய சிடிசி (இன்றைய டிஸ்சார்ஜ் புத்தகம்) எண், இண்டாஸ் (மாலுமிகளின் தேசியத் தரவுத்தளம்) எண், வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் ஆர்பிஎஸ்எல் (ஆள்சேர்ப்பு) உரிம எண், கப்பலின் அடையாளமான ஏழு இலக்க ஐஎம்ஓ எண் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். கப்பலின் பெயரும் கொடியும் மாறினாலும் ஐஎம்ஓ எண் மாறாது. ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேரின் போனில் போட்டு வையுங்கள், அவர் அடுத்த கப்பலுக்கு மாறும்போது மறுபடியும் கேட்டு வாங்குங்கள்.