எலும்பில் பட்டும் பிரியாத தோட்டா

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சால்டரிங் செய்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். செம்பில் அழுக்கோ ஆக்சைடோ இருந்தால் உருகிய ஈயம் ஒட்டாது, திரண்டு உருண்டு ஓடிவிடும். ஆக்சைடை நீக்கும் பிளக்ஸ் போட்டுச் சூடு சரியாக ஏறினால்தான் பிடிக்கும். பெரிய விலங்கு வேட்டைக்கான பாண்டட் கோர் தோட்டாவின், அதாவது உள்ளிருக்கும் ஈயத்தை வெளி உறையோடு ஒட்டவைத்த தோட்டாவின், சூட்சுமமும் இதேதான்.

சாதாரண வேட்டைத் தோட்டாவில் ஈய உருளையைச் செம்புக் கலவை உறைக்குள் அழுத்திச் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான், ஒட்டவைப்பதில்லை. முனை விலங்கின் மேல் பட்டதும் விரிந்து காளான் மாதிரி ஆக வேண்டும், அப்போதுதான் காயம் அகலமாகும். சின்ன மானுக்கு இது போதும். தடித்த தோள் எலும்பில் வேகமாக மோதும்போதுதான் சிக்கல்: உறை ஒருபக்கம் உரிந்துகொள்ளும், ஈயம் வழுக்கி வெளியே வந்து சிதறும், எடை போனபின் உள்ளே போகிற உந்தமும் போய்விடும். 1946இல் கனடாவில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போன, பின்னாளில் தோட்டா தயாரிப்பாளரான ஜான் நாஸ்லர் இந்தத் தொல்லையைத்தான் சந்தித்தார். சேறு காய்ந்து அப்பிய தோலில் அவருடைய தோட்டாக்கள் உடைந்துபோயின. அவர் கண்ட வழி உறைக்கு நடுவே ஒரு செம்புச் சுவர். முன்பாதி சிதறினாலும் பின்பாதி தப்பித்துக்கொள்ளும்.

பாண்டட் தோட்டா போன பாதை வேறு. உறையோடு சேர்த்து ஈயத்தை அதன் உருகுநிலையான 327 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்கி, பிளக்ஸ் உதவியோடு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். சிலர் ஈயத்தின் மேலேயே மின்முலாம் முறையில் செம்பைப் படியவைக்கிறார்கள். எப்படிச் செய்தாலும் விரியும்போது ஈயம் உறையைப் பிடித்துக்கொண்டே விரிகிறது. விலங்கின் உடலிலிருந்து எடுத்து எடை போட்டால், நல்ல தயாரிப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மிஞ்சியிருப்பது வழக்கம்.

செய்வது லேசில்லை. சூடு பட்டால் செம்பு உறை இளகிவிடும், அதனால் அடிப்பக்கத்தைத் தடிப்பாக வைக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் ஈயத்துக்குள் ஒரு காற்றுக்குமிழி சிக்கினால் போச்சு: வினாடிக்கு 823 மீட்டர் வேகத்தில், 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று குழலில் வெட்டிய மரை வழியே போகும் தோட்டா வினாடிக்குச் சுமார் 3,240 முறை சுழலும், அதில் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் குறி எங்கே போய்ச் சேரும்?

பினாங்கில் இருக்கிற நமக்கு இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதோடு சரி, உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா கையில் இருந்தாலே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சும்மா விடாது. தோட்டப்புறத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த ஷாட்கன் வேறு கதை; அதில் போவது பல ரவைகள், இந்த விரிகிற வித்தை அதில் கிடையாது.

எடை மிஞ்சுவதே எல்லாம் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். சின்ன விலங்கின் மெல்லிய விலாவில் பாண்டட் தோட்டா அதிகம் விரியாமல் ஊடுருவிப் போய்விடலாம், தூரம் கூடி வேகம் குறைந்தால் முனை திறக்காமலும் போகும். எருமை, மூஸ், பெரிய கரடி என்று எலும்பும் சதையும் தடித்த விலங்கானால் அதன் விலைக்கு அர்த்தம் உண்டு. இறைச்சியில் சிதறும் ஈயத்துகள் குறைவது கூடுதல் நன்மை. அறவே வேண்டாம் என்பவர்கள் ஈயமே இல்லாத முழுச் செம்புத் தோட்டாவுக்குப் போகிறார்கள்.