அண்டர்டாக்: கத்துக்குட்டியா, இளைத்தவனா?

2023 ஏப்ரல் 30, பாஸ்டன். ஐஸ் ஹாக்கி பிளே ஆஃப் முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம். முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் இருக்கிறது. பாஸ்டன் ப்ரூயின்ஸ் 3-2 என்று முன்னே நிற்கிறது. அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் 65 வெற்றி, 135 புள்ளி. வட அமெரிக்காவின் என்எச்எல் லீகில் அதுவரை எந்த அணியும் இவ்வளவு எடுத்ததில்லை. எதிரே ஃப்ளோரிடா பாந்தர்ஸ், வெறும் 92 புள்ளி. கடைசி வாரத்தில் பிட்ஸ்பர்க் அணி, பட்டியலின் அடியில் கிடந்த சிகாகோவிடம் போய்த் தோற்றது. அதனால் கிடைத்த சந்தில் உள்ளே நுழைந்தவர்கள் இவர்கள். ஏழு ஆட்டத் தொடரில் முதலில் நாலு வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். இந்தத் தொடரிலும் 3-1 என்று பின்தங்கி, தட்டுத்தடுமாறி ஏழாவது ஆட்டம் வரை இழுத்து வந்திருந்தார்கள்.

பிராண்டன் மாண்டூர் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கார்ட்டர் வெர்ஹேகி இன்னொன்று போட்டார். பாஸ்டனின் சாதனைப் பருவம் முதல் சுற்றிலேயே முடிந்தது.

இப்படி ஓர் இரவைப் பற்றி எழுதும்போது ஆங்கிலத்தில் தவறாமல் வந்து உட்காரும் சொல் ‘அண்டர்டாக்’. தமிழில் எழுத உட்கார்ந்தால் இங்கேதான் கை நிற்கிறது. அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம், எல்லோருக்கும் புரியும். ஆனால் இதற்கு நம்மிடம் சொல்லே இல்லையா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. அதற்கு முன், அந்தச் சொல் எந்தக் களத்திலிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

களம் என்றால் நிஜமாகவே களம்தான். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் நாய்ச்சண்டை ஒரு பொழுதுபோக்கு. இரண்டு நாய்களை மோதவிட்டு, சுற்றி நின்று பந்தயம் கட்டுவார்கள். அடியில் மாட்டிக்கொண்ட நாய் ‘அண்டர் டாக்’, மேலே ஏறி அமுக்கும் நாய் ‘டாப் டாக்’. முதலில் இரண்டு சொல்லாகத்தான் எழுதினார்கள், போகப்போக ஒட்டிக்கொண்டது. சண்டைக்களத்தை விட்டு வெளியே வந்ததும் அதற்கு வேறொரு பொருளும் ஏறியது: சமூகத்தில் அமுக்கி வைக்கப்பட்டவன், வலியவனிடம் மிதிபடுகிறவன். விளையாட்டுப் பக்கத்தில் நாம் பார்க்கும் ‘தோற்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் அணி’ என்ற பொருள் இந்த இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. ஓர் அணியை அண்டர்டாக் என்று சொன்னவுடனேயே அதன் மேல் ஒரு பரிவு வருகிறதே, அது அந்த மிதிபட்டவன் கணக்கில் வந்த வட்டி.

இதற்கு இன்னொரு பிறப்புக் கதையும் உலவுகிறது. பெரிய மரங்களை அறுக்கும் பள்ளத்தில், மேலே நிற்பவன் டாப் டாக், கீழே மரத்தூளைத் தின்றுகொண்டு நிற்பவன் அண்டர்டாக் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். மேலே நிற்கும் ஆளை ‘டாப் சாயர்’, அதாவது மேல் அறுப்பாளர், என்று சொன்னது உண்மைதான். ஆனால் கீழே நின்றவனை நாயோடு சேர்த்து அழைத்ததற்கு ஆதாரம் இல்லை. சொற்பிறப்புக் கதைகளில் அழகான கதை வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

நாய்ச்சண்டைக் கதையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தமிழ்ச்சொல் தேடும்போது இது உதவும். அடியில் கிடக்கும் நாய் நோஞ்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. இந்தக் கணத்தில் அது அடியில் இருக்கிறது, அவ்வளவுதான். சண்டை இன்னும் முடியவில்லை. ‘தோற்றுவிடும்’ என்பது நாயின் முடிவு இல்லை, சுற்றி நின்று பந்தயம் கட்டியவர்களின் முடிவு.

ஐஸ் ஹாக்கியில் இதற்கு இரண்டு உதாரணங்கள் எதிரெதிராக நிற்கின்றன. முதலாவது 1938இன் சிகாகோ பிளாக் ஹாக்ஸ். அந்தப் பருவத்தில் 48 ஆட்டம் ஆடி 14ஐத்தான் ஜெயித்தார்கள். 25 தோல்வி, மீதி 9 சமன். டொரான்டோவுடன் இறுதித் தொடர் தொடங்கும் நேரத்தில் கோல்கீப்பர் மைக் கராகஸுக்குக் கால்விரல் முறிந்திருந்தது. சிறு லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த ஆல்ஃபி மூர் என்பவரைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். அவரை மதுக்கடையிலிருந்து தூக்கி வந்தார்கள் என்று ஒரு கதை இன்றும் ஓடுகிறது. எங்கிருந்து வந்தாரோ, முதல் ஆட்டத்தை 3-1 என்று ஜெயித்துக் கொடுத்தார். லீகின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையும் சிகாகோவுக்கே வந்தது. தோல்வி வெற்றியைவிட அதிகமாக இருந்த அணி கோப்பையைத் தூக்கிய கதை இது. இந்த அணியை ‘பலவீனமான அணி’ என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

இரண்டாவது 2012இன் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ். மேற்குப் பிரிவில் எட்டாவது இடம், அதாவது பிளே ஆஃபுக்குள் நுழைய முடிகிற கடைசி இடம். எட்டாம் இடத்திலிருந்து வந்து ஸ்டான்லி கோப்பையை வென்ற முதல் அணி இதுதான். ஆனால் அவர்கள் வென்ற விதத்தைப் பார்த்தால் அண்டர்டாக் என்று சொல்லவே நா எழாது. முதல் சுற்றில் வேன்கூவர்: அந்தப் பருவம் லீகிலேயே முதலிடம், முந்தைய ஆண்டு இறுதிச்சுற்று வரை போன அணி. ஐந்தே ஆட்டத்தில் முடித்தார்கள். அடுத்து இரண்டாம் இடத்துச் செயின்ட் லூயிஸ், நாலுக்கு நாலு. மூன்றாம் இடத்து ஃபீனிக்ஸ், ஐந்து ஆட்டம். இறுதியில் நியூஜெர்சி, ஆறு ஆட்டம். நான்கு தொடரிலும் முதல் மூன்று ஆட்டங்களை வரிசையாக வென்று 3-0 என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மொத்தம் 16 வெற்றி, 4 தோல்வி. 1967இல் லீகில் சேர்ந்த அணிக்கு அதுதான் முதல் கோப்பை.

இப்படி ஆடத் தெரிந்தவர்கள் ஏன் எட்டாவதாக வந்தார்கள்? அந்த அணிக்குத் தடுப்பாட்டம் இருந்தது, கோல் அடிக்க ஆள் இல்லை. 30 அணிகளில் கோல் கணக்கில் 29ஆவது இடம். பருவத்தின் நடுவில், டிசம்பரில், பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, ஆல்பர்ட்டாவில் தன் பண்ணையில் இருந்த டாரில் சட்டரைக் கூட்டி வந்தார்கள். பிப்ரவரியில் கொலம்பஸிலிருந்து ஜெஃப் கார்ட்டரை வாங்கினார்கள். அதன்பிறகு ஆடிய அணி வேறு. ஆனால் புள்ளிப்பட்டியலுக்கு அது தெரியாது, அக்டோபரிலிருந்து எல்லாவற்றையும் கூட்டி ‘எட்டு’ என்று காட்டியது. கோலில் நின்ற ஜோனதன் க்விக்கோ, அந்தப் பருவத்தில் எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்காமல் பத்து ஆட்டங்களை முடித்தவர். பிளே ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே போனது.

ஆக, சிகாகோவும் கிங்ஸும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். ஒருவர் உண்மையிலேயே மெலிந்தவர், இன்னொருவரை மெலிந்தவர் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நாம் தேடும் தமிழ்ச்சொல் இரண்டு பேரையும் தாங்க வேண்டும்.

சரி, ஐஸ் ஹாக்கியில் மட்டும் இந்தச் சொல்லுக்கு ஏன் இத்தனை வேலை? பெரும்பங்கு கோல்கீப்பரால். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் முப்பது முறை கோலை நோக்கி அடித்தால் இரண்டோ மூன்றோ உள்ளே போகும். அவ்வளவு குறைவான கோல்கள் முடிவு செய்யும் ஆட்டத்தில், ஒரே ஒரு ஆள் இரண்டு மாதம் சாமி வந்தவர் மாதிரி நின்றுவிட்டால் போதும். 2003இல் அனஹைம் அணியின் ஜிகேர் அப்படித்தான் நின்றார். பிரிவில் ஏழாவதாக வந்த அணி அது. முதல் எதிரி, நடப்புச் சாம்பியன் டெட்ராய்ட். முதல் ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை இழுத்தது. ஜிகேர் 63 அடிகளைத் தடுத்தார், அனஹைம் 2-1 என்று வென்றது. டெட்ராய்ட் நாலு ஆட்டத்தில் வீட்டுக்குப் போனது. கடைசியில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அனஹைம் தோற்றது. ஆனாலும் பிளே ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதைத் தோற்ற அணியின் ஜிகேருக்கே கொடுத்தார்கள். இதுபோக 2005 முதல் சம்பள உச்சவரம்பும் இருக்கிறது. பணக்கார அணி நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப் போட முடியாது. முதல் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் பார்ப்பதற்குப் பெரிது, ஆடும்போது அவ்வளவு இல்லை.

இனி தமிழுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் மாற்றி ‘கீழ்நாய்’ என்று எழுதினால் அன்றே வேலை போய்விடும். நம்மிடம் நாய் என்பது வசவு. இல்லையென்றால், இறைவன் முன்னால் ‘நாயேன்’ என்று தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளும் அடியாரின் சொல். நடுவில் பரிவுக்கு இடம் இல்லை.

பத்திரிகைகளில் அதிகம் புழங்குவது ‘கத்துக்குட்டி’. கிரிக்கெட் உலகக்கோப்பை வந்தால் சின்ன நாடுகளுக்கெல்லாம் இந்தப் பட்டம்தான். கத்துக்கொண்டிருக்கும் குட்டி, அனுபவம் போதாத ஆள் என்று பொருள். எனக்கு இது ஒட்டவில்லை. கிங்ஸ் 45 ஆண்டு பழைய அணி, அதில் யார் கத்துக்குட்டி? அனுபவக் குறைவு வேறு, தோற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு வேறு. ‘கறுப்புக் குதிரை’யும் சில இடங்களில் வருகிறது. அது குதிரைப்பந்தயத்திலிருந்து வந்த வேறு ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு: யாருக்கும் அதிகம் தெரியாமல் வந்து ஜெயிக்கிற குதிரை. அண்டர்டாக்கை எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் தோற்கும் என்கிறார்கள்.

விலங்குச் சண்டை வழியாகவே போனால் நம்மிடம் சேவற்கட்டு இருக்கிறது. அங்கே ஓர் அருமையான சொல், ‘கோச்சை’. சண்டையில் தோற்ற சேவல். கரூர்ப் பக்கத்தில் கோச்சைக் கறிக்குத் தனி மவுசு. ஆனால் பாருங்கள், கோச்சையின் கதை முடிந்துவிட்டது, அது குழம்புக்குப் போகிறது. அண்டர்டாக்குக்கு இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில்தான் இரண்டு சொல்லும் பிரிகின்றன.

பழந்தமிழில் தேடினால் குறள் ‘வலியார்’, ‘மெலியார்’ என்று இணையாக வைக்கிறது. டாப் டாக், அண்டர்டாக் இரண்டுக்கும் பொருத்தமான சோடி. இடனறிதல் அதிகாரத்தில் ‘ஆற்றாரும் ஆற்றி அடுப’ என்று ஒரு குறள் தொடங்குகிறது. வலிமை இல்லாதவர்களும் இடம் அறிந்து, தம்மைக் காத்துக்கொண்டு மோதினால் வெல்வார்கள் என்பது அதன் பொருள். டாரில் சட்டர் அணிக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய இதுதான். ஆனால் ‘ஆற்றார்’ என்று இன்றைக்கு விளையாட்டுப் பக்கத்தில் எழுதினால், டீ ஆற்றுகிறவரா என்று கேட்பார்கள்.

நான் நிற்பது ‘இளைத்தவன்’ என்ற சொல்லில். இளைத்தல் என்றால் மெலிதல், களைத்தல். உயிரோடு புழங்கும் சொல். “நான் என்ன உனக்கு இளைச்சவனா?” என்று தெருவில் கேட்கிறோம். “யாருக்கும் நாங்கள் இளைத்தவர்கள் இல்லை” என்று மேடையில் முழங்குகிறோம். இதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கிறது. ஒன்று, இந்தச் சொல் தனியாக நிற்காது. ‘இன்னாருக்கு’ இளைத்தவன் என்று எதிராளியையும் கூட இழுத்து வரும். அண்டர்டாக்கும் அப்படித்தான், மேலே ஒரு நாய் இல்லாமல் கீழே ஒரு நாய் கிடையாது. இன்னொன்று, நாம் இதைப் பெரும்பாலும் மறுக்கும்போதுதான் சொல்கிறோம். எவனோ நம்மை இளைத்தவன் என்று நினைத்துவிட்டான், இல்லை என்று காட்டப் போகிறோம். சிகாகோவும் இதற்குள் அடங்கும், கிங்ஸும் அடங்கும்.

‘இளைத்த அணி’ என்று மொட்டையாக எழுதினால் ஒல்லியான அணி என்று படிக்கிற ஆபத்து உண்டு. ‘பாஸ்டனுக்கு இளைத்த ஃப்ளோரிடா’ என்று எழுதினால் அந்த ஆபத்து போய்விடும். அந்த ஆண்டு ஃப்ளோரிடா அதன்பிறகு டொரான்டோவையும் கரோலைனாவையும் தாண்டி இறுதிவரை போய், வேகஸிடம் தோற்றது. டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், உள்ளூர் அணியான மேப்பிள் லீஃப்ஸின் சட்டையோடு உட்கார்ந்திருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த மே மாதம் மறந்திருக்காது. 2024, 2025 இரண்டு ஆண்டும் கோப்பை ஃப்ளோரிடாவுக்கே போனது. அண்டர்டாக் என்ற பட்டம் அதற்குள் கழன்றுவிட்டது.

கூடவே வரும் இரண்டு சொற்கள். வெல்லும் என்று எல்லோரும் நினைத்த அணி தோற்றுப்போகும் ‘அப்செட்’டுக்குக் ‘கவிழ்ப்பு’ போதும். 1919இல் மேன் ஓ வார் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையை அப்செட் என்ற பெயருள்ள குதிரை தோற்கடித்ததால் இந்தச் சொல் வந்தது என்பார்கள். அந்தப் பந்தயம் நடந்தது உண்மை, ஆனால் சொல் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே இருந்தது. சுற்றுக்குச் சுற்று வென்று முன்னேறுவதைச் சொல்லும் ‘பிளே ஆஃப் ரன்’ என்பதில் வரும் ‘ரன்’தான் தொல்லை. ‘ஓட்டம்’ என்று எழுதினால் நம் வாசகர் எத்தனை விக்கெட்டுக்கு என்று கேட்பார். ‘வெற்றிநடை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐஸ் ஹாக்கிக்கு என்ன சொல்வது என்று கேட்காதீர்கள். ஹாக்கிக்கு வளைகோல் பந்தாட்டம் என்று பெயர் இருக்கிறது. பனியில் உருள்வது பந்தே இல்லை, தட்டையான ரப்பர் வில்லை.