ஃப்ளா: குறையா, பிழையா, வெளிறா?

ஃப்ளா, பெயர்ச்சொல். திரைக்கதை எழுதுபவர்கள் பேச்சில், ஒரு பாத்திரத்தின் இயல்பிலேயே இருந்துகொண்டு அவரைத் தவறான முடிவுக்குத் தள்ளும் கோணல். முழுதாகச் சொன்னால் கேரக்டர் ஃப்ளா.

சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் படமாக்கும்போதெல்லாம் இந்தச் சொல் எழும். அப்பழுக்கில்லாத நாயகனுக்கு மனிதக் குறை சேர்க்கலாமா, கூடாதா? இந்த வாதம் முடியாமல் இழுப்பதற்குக் காரணம், 'குறை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பொருளைச் சொல்வதுதான்.

முதலில் வேர். ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியின் 'ஃப்ளாகா'வோடு உறவுடையது. அதற்குக் கற்பலகை என்று பொருள். செதில், சில்லு, விரிசல் என்று பொருள் நகர்ந்து, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குறைபாடு என்ற இடத்துக்கு வந்தது. பிறகு அரிஸ்டாட்டிலின் 'ஹமார்த்தியா'வை ஆங்கிலத்தில் சொல்லவும் இதையே எடுத்துக்கொண்டார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 'கவிதையியல்' 13ஆம் அத்தியாயத்தில், வீழ்கிற நாயகன் கயமையால் வீழக் கூடாது, ஹமார்த்தியாவால் வீழ வேண்டும் என்கிறார் அரிஸ்டாட்டில். அதன் வினைவடிவம் ஹோமரிடம் எறிந்த ஈட்டி குறி தவறுவதைக் குறிக்கும். ஆக அது ஒரு செயல். குணம் அல்ல.

தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் பிழை. 'யானை பிழைத்தவேல்' என்று 772ஆம் குறளில் வருவது யானையைக் குறி தவறிய வேல். குறி தவறுதலும் தவறு செய்தலும் கிரேக்கத்தில் ஒரே சொல்லில் இருப்பதுபோல் தமிழிலும் இருக்கின்றன. 'டிராஜிக் ஃப்ளா' என்பதைச் 'சோகக் குறைபாடு' என்று மொழிபெயர்த்து அவதிப்படத் தேவையே இல்லை.

இனி, எது ஃப்ளா அல்ல என்று பார்க்க வேண்டும். கிரிப்டோனைட் அல்ல. சூப்பர்மேனைச் சாய்க்கும் அந்தக் கல் 1943இல் வானொலித் தொடரில் நுழைந்து, 1949இல்தான் காமிக்ஸுக்கு வந்தது. அதை அறையிலிருந்து அகற்றிவிட்டால் அவர் பழையபடி எழுந்துவிடுவார். அப்படி அகற்றக்கூடியது நலிவு. சிறுவயதில் பெற்றோரை இழந்ததும் ஃப்ளா அல்ல, அது காயம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மழையில் நிற்பது ஃப்ளாவே அல்ல, ஒளிப்பதிவாளர் வேலை.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அந்தக் குணம் இல்லாவிட்டால் கதையின் முக்கிய முடிவு மாறியிருக்குமா? அந்த முடிவுக்கான விலையை இன்னொருவர் கொடுக்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் சொல் பொருந்தும்.

ஸ்பைடர்மேனில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1962 காமிக்ஸில், ஓடிவரும் திருடனை நிறுத்தச் சொல்லிக் காவலர் கத்துகிறார். பீட்டர் பார்க்கர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். தன் வேலையல்ல என்ற மிதப்பு, வேறு காரணம் எதுவும் இல்லை. பின்னர் அதே திருடன் கையில் அவனை வளர்த்த பெரியப்பா சாகிறார். 2002 படம் இங்கே ஒரு காரணம் சேர்த்தது. மல்யுத்தப் போட்டி நடத்துபவர் 3000 டாலர் தருவதாக விளம்பரம் செய்துவிட்டு 100 டாலரை நீட்டுகிறார், அது தன் பிரச்சினை இல்லை என்கிறார். அடுத்த நிமிடம் அவரிடமே கொள்ளையடித்தவன் ஓடிவர, பீட்டர் விலகி வழிவிட்டு, அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்கிறான். பார்வையாளர் அந்த இடத்தில் அவன் பக்கம்தான் இருப்பார்கள். மிதப்பு கறுவலாக மாறியதில் குற்றம் சற்றுக் குறைந்தது, ஆனால் நாமும் உடந்தையானோம். தழுவல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: பிழையை நீக்கவில்லை, அதன் காரணத்தை மட்டும் மாற்றியது.

சூப்பர்மேனில் கணக்கு தலைகீழ். 2013 படத்தில் அவர் வில்லன் ஸாடின் கழுத்தை முறிப்பதைத்தான் 'மனிதக் குறை சேர்த்த' இடமாகப் பலரும் காட்டுவார்கள். வேறு வழியே இல்லாதபடி காட்சி கட்டப்பட்டிருக்கிறது. எந்தக் குணம் உடையவரும் அந்த இடத்தில் அதையே செய்திருப்பார். அது நெருக்கடி, பிழை அல்ல. பளிச்சென்ற 1978 படத்தில்தான் உண்மையான பிழை இருக்கிறது. மனித வரலாற்றில் தலையிடாதே என்ற தந்தையின் தடையை மீறி, காதலி லோயிஸ் இறந்ததைத் தாங்காமல் காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறார். என்ன ஒன்று, அதற்கு யாரும் எந்த விலையும் கொடுப்பதில்லை. சோதனையின் இரண்டாம் கேள்வியில் படம் தோற்றுவிடுகிறது.

நற்பண்பே அளவு மீறிக் குறையாவது இன்னும் நுட்பமானது. 2016 'சிவில் வார்' படத்தில் கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸுக்குக் குடி, பேராசை எதுவும் சேர்க்கவில்லை. நண்பன் பக்கியின் மேல் அவர் வைத்த விசுவாசத்தைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். அணித்தோழர் டோனி ஸ்டார்க்கின் (அயர்ன்மேன்) பெற்றோர் அந்தப் பக்கியின் கையால் கொல்லப்பட்ட உண்மையை அவர் மறைத்து வைத்திருந்தார். தெரியுமா என்று டோனி கேட்கும்போது முதலில் நழுவி, இரண்டாம் முறை கேட்டதும் ஆம் என்கிறார். அணி உடைகிறது, கேடயம் தரையில் கிடக்கிறது. குணம், குற்றம் இரண்டிலும் மிகை நாடச் சொன்ன குறளுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது.

இந்த வகைக் குறைக்குத் தமிழில் வெளிறு என்ற சொல்லை முன்வைக்கலாம். மரத்தில் வைரம் பாயாத, வெளுத்த, மென்மையான பகுதி வெளிறு. யானை கட்டும் தறி 'வெளிறில் நோன்காழ்' என்று புறநானூறு 23 சொல்வது அது இல்லாத கட்டையை. 503ஆம் குறள் இதையே மனிதருக்கு ஏற்றுகிறது: ஆசற்றாரிடமும், அதாவது குற்றமற்றவரிடமும், ஆராய்ந்தால் வெளிறு இல்லாமலிருப்பது அரிது. உரைகாரர்கள் இங்கே அறியாமை என்று பொருள் கொள்வார்கள். ஆசு இல்லாதவரிடமும் வெளிறு இருக்கும் என்பதுதான் நமக்கு வேண்டியது. புழு முதலில் துளைப்பதும் அந்தப் பகுதியைத்தான். நாளடைவில் அதுவே வைரமாவதும் உண்டு.

சூப்பர் ஹீரோவுக்கு மீநாயகன், மீநாயகி என்பன ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. 'மீக்கூறும்' என்பதில் உள்ள, உயர்வைக் குறிக்கும் மீ இது. இலட்சிய நாயகன் என்பதற்குத் தண்டியலங்காரம் காப்பியத்துக்கு விதித்த தன்னேரில்லாத் தலைவன் போதும். நேர் என்றால் நிகர். நிகரில்லாதவன் என்றுதான் இலக்கணம் கேட்கிறது, குற்றமில்லாதவன் என்று கேட்கவில்லை. கோவலனைத் தலைவனாக வைத்து எழுதிய மரபுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை. செயலைச் சொல்லும்போது பிழை, அதற்குக் காரணமான குணத்தைச் சொல்லும்போது வெளிறு. 'வெளிறுள்ள நாயகன்' என்று எழுதுங்கள். 'வெளிறிய நாயகன்' என்றால் பயத்தில் முகம் வெளுத்தவன் என்றாகிவிடும்.