ஜெரண்ட்: தமிழில் தொழிற்பெயர்

'இங்' ஈறு சேர்ந்து பெயராக நிற்கும் ஆங்கில வினைக்கு 'ஜெரண்ட்' என்று பெயர். செய்தல், நடத்துதல் என்ற பொருளுடைய 'கெரெரே' என்னும் இலத்தீன் வினையே இதன் வேர். ஆனால் இரவல் வாங்கியது பெயரை மட்டும்தான். 'இங்' ஈறு பழைய ஆங்கிலத்தின் 'உங்' என்ற விகுதியின் வழி வந்த சொந்தச் சரக்கு. இலத்தீன் ஜெரண்ட் எழுவாயாக வராது. அந்த வேலையை 'இன்ஃபினிடிவ்' என்ற இன்னொரு வினை வடிவம் பார்த்துக்கொள்ளும். ஆங்கில ஜெரண்ட் எழுவாயாகவும் வரும்.

தமிழில் இதற்குத் தொழிற்பெயர் என்பதே சரி. எல்லாத் தொழிற்பெயரும் பொருந்திவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். 'நூலைப் படித்தல்' என்னலாம். 'நூலைப் படிப்பு' என்ன முடியாது. 'வேகமாக ஓடுதல்', ஆனால் 'வேகமான ஓட்டம்'. செயப்படுபொருளையும் வினையடையையும் ஏற்கும் படித்தல், ஓடுதல், படிப்பது, ஓடியது போன்றவையே ஜெரண்டுக்கு நேர். படிப்பும் ஓட்டமும் வினைத்தன்மையை இழந்து வெறும் பெயர்களாகிவிட்டன.

'இங்' கண்ட இடமெல்லாம் ஜெரண்ட் அல்ல. 'ஸ்லீப்பிங் சைல்டு' தூங்கும் குழந்தை, அது பெயரெச்சம். 'ஸ்லீப்பிங் பில்' தூக்க மாத்திரை, இதுதான் ஜெரண்ட். மாத்திரை தூங்குவதில்லையே!

'இன்ஃபினிடிவ்' என்பதன் இலத்தீன் மூலத்துக்கு 'வரையறை அற்றது' என்று பொருள். இடம், எண் ஆகியவற்றால் வரையறுக்கப்படாத வினை. நமது செயவெனெச்சமும் அப்படித்தான்: நான் பாட, அவர்கள் பாட. 'செய' என்ற இந்த வாய்பாட்டைத் தொல்காப்பியமே வினையெச்ச வரிசையில் சொல்லிவிட்டது.

சில ஆங்கில வினைகளின் பின் 'இங்' ஜெரண்ட், 'டு' சேர்ந்த இன்ஃபினிடிவ் என இரண்டு வடிவமும் வரும், பொருள்தான் மாறும். அங்கே தமிழ் நன்றாகக் கைகொடுக்கும். கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது: 'ரிமெம்பர் லாக்கிங்'. கதவைப் பூட்ட மறக்காதே: 'ரிமெம்பர் டு லாக்'. முன்னதில் செயல் முடிந்துவிட்டது, பின்னதில் இனிமேல்தான். புகைப்பதை நிறுத்தினார், புகைக்க நின்றார் என்ற வேறுபாடும் 'ஸ்டாப் ஸ்மோக்கிங்', 'ஸ்டாப் டு ஸ்மோக்' என்று அப்படியே போகும்.

காலை வாரும் இடங்களும் உண்டு. 'பாடப் பிடிக்கும்' என்ற பழக்கத்தில் 'என்ஜாய் டு சிங்' என்று எழுதுவார்கள். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், சஜஸ்ட் ஆகியவற்றின் பின் 'டு' வராது, 'இங்' வரும். 'சாப்பிட்டு முடித்தேன்' என்பதும் 'ஃபினிஷ்டு ஈட்டிங்' ஆகும்.

இன்னும் பெரிய வம்பு 'என்று'. 'அவர் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதைத் தொடராகவே பெயர்த்து 'ஐ வாண்ட் தட் ஹி ஷுட் கம்' என்கிறோம். 'வாண்ட்' அங்கே 'தட்' தொடரை ஏற்காது. 'ஐ வாண்ட் ஹிம் டு கம்' என்பதே வழக்கு. 'சஜஸ்ட்' இதற்கு நேர்மாறு. 'என்னைப் போகச் சொன்னார்' என்ற அச்சில் 'சஜஸ்டெட் மீ டு கோ' என்றால் பிழை. 'சஜஸ்டெட் தட் ஐ கோ' என்று தொடர்தான் வேண்டும். 'டெல்' என்றால் 'டோல்டு மீ டு கோ' சரி.

'லுக் ஃபார்வர்டு டு' என்பதிலுள்ள 'டு' செயவெனெச்சத்தின் அடையாளம் அல்ல, நான்காம் வேற்றுமை போன்ற முன்னிடைச்சொல். அதன் பின் 'த ஹாலிடே' என ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். பொருந்துகிறதா? அப்படியானால் வினையும் பெயராகித்தான் வர வேண்டும்: 'டு மீட்டிங் யூ'.