பட்டாணி பப்பாளி ஆன கதை: சத்தம் கேக்குது, எழுத்து கேக்கல

சமையக்கட்டுல மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சு, உள்ள இருந்து வீட்டுக்காரம்மா பட்டாணி வாங்கிட்டு வாங்கன்னாங்க, நான் நேரா கடைக்கு போய் நல்ல பழமா பாத்து ஒரு பப்பாளிய தூக்கிட்டு வந்து நின்னேன். அன்னைக்கு சிரிச்சிட்டு விட்டாச்சு. ஆனா டிவி சத்தம் மாசாமாசம் ஏறிட்டே போனது, ஆஃபீஸ்ல யார் என்ன சொன்னாலும் ரெண்டாவது தடவ "ஆங்?" போடுறது, யாராச்சும் ஜோக் சொன்னா மத்தவங்க சிரிக்கறத பாத்து நானும் சிரிச்சு வைக்கிறது, இதெல்லாம் சேந்து 47 வயசுல என்னைய ஈஎன்டி டாக்டர்கிட்ட கொண்டுபோய் விட்டுச்சு.

அவர் முதல்ல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாத்தார். இருந்திருந்தா எடுத்து விட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார், அந்த அதிர்ஷ்டம் இல்ல. அப்புறம் சத்தம் புகாத ஒரு சின்ன ரூம்ல உக்கார வெச்சு ஹெட்ஃபோன் மாட்டி, பீப் கேட்டா பட்டன அமுக்குங்கன்னாங்க. அது முடிஞ்சதும் காதுக்கு பின்னாடி எலும்புல ஒரு அதிர்ற கருவிய வெச்சு மறுபடியும் அதே டெஸ்ட். இது எதுக்குன்னா, எலும்பு வழியா போற சத்தம் செவிப்பறை, நடுக்காது எல்லாத்தையும் தாண்டி நேரா உள்காதுக்கு போயிடும். எலும்பு வழியா நல்லா கேட்டு ஹெட்ஃபோன்ல கேக்கலன்னா கோளாறு வெளில, அழுக்கோ நீரோ சின்ன எலும்புகளோ, அதுல பலதுக்கு மருந்தோ ஆபரேஷனோ இருக்கு. ரெண்டுலயும் ஒரே மாதிரி கம்மின்னா பெரும்பாலும் உள்காதுதான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கடைசியா கையில குடுத்த ஆடியோகிராம்ல, அதாவது எந்த சுருதி எவ்வளவு சத்தத்துல கேக்குதுன்னு காட்டுற பேப்பர்ல, "மைல்டு"ன்னு எழுதியிருந்துச்சு. லேசான குறைதான், அப்பாடான்னு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து அந்த பேப்பர உக்காந்து பாத்தப்பதான் அந்த வார்த்தை மேலயே கோவம் வந்துச்சு.

என் நம்பர் இதுதான் (ஹெர்ட்ஸ்னா சுருதி, நம்பர் ஏற ஏற சுருதி மேல போகும்; டெசிபல்னா அந்த சுருதி எனக்கு கேக்க வேண்டிய சத்தம்): 500 ஹெர்ட்ஸ்ல 10 டெசிபல், 1000-ல 15, 2000-ல 35, 4000-ல 45. நாலையும் கூட்டி நாலால வகுத்தா 26 சொச்சம், உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல 20-ல இருந்து 35-க்குள்ள இருந்தா மைல்டு. கணக்கு சரிதான், ஆனா சராசரி ஆழத்த நம்பி ஆத்துல இறங்குனா என்ன ஆகும்? இங்க 0 டெசிபல்னா நிசப்தம் கிடையாது, நல்ல காது உள்ள இளவட்டங்களுக்கு சராசரியா கேக்கக்கூடிய ஆகக்குறைஞ்ச சத்தம். ஒவ்வொரு 10-க்கும் சத்தத்தோட சக்தி பத்து மடங்கு கூடணும். அப்போ 45-ன்னா அவங்களுக்கு வேண்டியத விட முப்பதாயிரம் மடங்குக்கு மேல சக்தி இருந்தாதான் எனக்கு அந்த பீப் லேசா கேக்கும். அதுக்கு பேரு மைல்டாம்.

இப்ப பட்டாணிக்கு வருவோம். அ, ஆ, ஓ மாதிரி உயிரெழுத்தோட பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ் பக்கமும் அதுக்கு கீழயும் இருக்கு, சத்தமாவும் இருக்கும். ச, ஸ, அப்புறம் க, ட, த, ப இதெல்லாம் உடையுற அந்த சின்ன வெடிப்பு, இதுங்கள ஒண்ணுல இருந்து ஒண்ணு பிரிச்சு காட்டுற துப்பு நிறைய 2000-க்கு மேல இருக்கு, அதுவும் ரொம்ப மெல்லிசா. எனக்கு பள்ளம் விழுந்திருக்கிற அதே இடம். பட்டாணி, பப்பாளி ரெண்டுலயும் உயிரோச அ-ஆ-இ தான், அது எனக்கு சுத்தமா கேட்டுச்சு, நடுவுல இருந்த ட்ட-வ மிக்ஸி முழுங்கிருச்சு, மிச்சத்த மூளை இட்டு நிரப்பிருச்சு. அதனாலதான் எங்கள மாதிரி ஆளுங்க "கேக்கல"ன்னு சொல்றத விட "கேக்குது, புரியல"ன்னுதான் சொல்லுவோம். பொம்பளைங்க, சின்ன புள்ளைங்க குரல் இன்னும் மேல போறதால அங்க சிக்கல் அதிகம் (இத வீட்டுல சாக்கா சொல்லி பாத்தேன், எடுபடல).

ஏன் மேல் சுருதி மட்டும் போகுது? உள்காதுல காக்ளியான்னு நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய், விரிச்சா 35 மில்லிமீட்டர் பக்கம் வரும். பியானோ கட்டை மாதிரி, வாசல் பக்கம் மேல் சுருதி, உள் முனையில கீழ் சுருதி. அதுக்குள்ள சத்தத்த உணர்றது நுனியில முடி மாதிரி இருக்கிற செல்லுங்க, அதுல ரெண்டு வகை. உள்வரிசை 3,500 போல, மூளைக்கு சேதி சொல்றது அதுங்கதான். வெளிவரிசை 12,000 போல, அதுங்க வேலை வேற, சத்தம் வந்தா சுருங்கி விரிஞ்சு குதிச்சு மெல்லிசா வர்றத பெருசாக்கி உள்வரிசைக்கு குடுக்கும். நம்ம காதுக்குள்ளயே ஒரு ஆம்ப்ளிஃபயர்! குதிக்க வைக்கிற புரதத்துக்கு பேரு பிரெஸ்டின், 2000-ஆம் வருஷம்தான் கண்டுபிடிச்சாங்க. இதுல ஒரு கூத்து, காக்ளியாவுல அலை எப்படி ஓடுதுன்னு காட்டுனதுக்கு கியார்க் ஃபான் பெக்கெஷிக்கு 1961-ல நோபல் குடுத்தாங்க, ஆனா அவர் பாத்தது பெரும்பாலும் செத்தவங்க காது, அதுல இந்த குதிக்கிற செல்லு வேலையே செய்யாது, அதனால உயிருள்ள காதோட கூர்மை அவர் கணக்குல வரவே இல்ல. 1978-ல டேவிட் கெம்ப் காதுல இருந்தே சத்தம் வெளிய வருதுன்னு மைக் வெச்சு காட்டினார், இன்னைக்கு பொறந்த குழந்தைக்கு காது டெஸ்ட் பண்ற முக்கியமான வழில அதுவும் ஒண்ணு.

வயசு, இரைச்சல், சில ஊசி மருந்து இதுக்கெல்லாம் பெரும்பாலும் முதல்ல பலியாகுறது வாசல் பக்கத்து வெளிவரிசை செல்லுங்கதான். கோழிக்குஞ்சுக்கு போனா மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. மாத்திரை, சொட்டு மருந்து, காது எண்ணெய்னு யார் வித்தாலும் இதுக்கு அது வேலை செய்யாது.

இன்னொன்னு, ஆம்ப்ளிஃபயர் போனா மெல்லிசான சத்தம்தான் போகும், பெரிய சத்தம் உள்வரிசைய நேராவே தட்டிரும், அது பழையபடியே கேக்கும். தாத்தாங்க "சத்தமா பேசு"ம்பாங்க, கொஞ்சம் சத்தமா பேசினா "ஏன்டா கத்துற"ம்பாங்க, அது குணக்கோளாறு இல்ல, செல்லுக்கோளாறு. அப்போ எல்லா சத்தத்தையும் ஒரே அளவா ஏத்துற ஆன்லைன் மிஷின வாங்கி மாட்டுனா என்ன நடக்கும்? பஸ் ஹாரன்ல காது பிஞ்சிரும். ஒழுங்கான ஹியரிங் எய்டு ஆடியோகிராம பாத்து எங்க பள்ளமோ அங்க மட்டும், அதுவும் மெல்லிசா வர்றத நிறையவும் பெருசா வர்றத கொஞ்சமாவும் ஏத்தும், அதாவது செத்துப்போன செல்லு செஞ்ச வேலைய சிப்பு செய்யும். கூட்டத்துல பேச்ச பிரிக்கறதுல மட்டும் சிப்பு இன்னும் நல்ல காதுக்கு ஈடா வரல.

எனக்கு இருந்த வழி என்னென்னன்னா, ஒண்ணும் பண்ணாம வருஷம் ஒரு தடவ டெஸ்ட் எடுத்துட்டு இருக்கலாம், மைல்டுக்கு அதுவும் நியாயமான வழிதான். கூடவே கிட்ட போய் பேசுறது, பேசுறவங்க மூஞ்சிய பாக்குறது, தூரம் பாதியானா திறந்த வெளில 6 டெசிபல் சும்மாவே கிடைக்கும். இயர்பட்ஸ் இன்னொரு வழி, ஆப்பிளோட ஏர்பாட்ஸ் ப்ரோ 2-ஐ ஹியரிங் எய்டா பயன்படுத்தற வசதிக்கு, மருந்து, மருத்துவ கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்கிற அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 2024 செப்டம்பர்ல அனுமதி குடுத்துச்சு, மைல்டு, அதுக்கு அடுத்த மாடரேட் வரைக்கும். ஆபரேஷன் பண்ணி உள்காதுல வெக்கிற காக்ளியர் இம்ப்ளாண்ட் எங்க லெவலுக்கு கிடையாது. இந்திய சட்டப்படி ஊனமுற்றோர் சலுகையும் 60 டெசிபல்ல இருந்துதான், அதனால செலவு நம்ம தலைல, சில ஆயிரத்துல ஆரம்பிச்சு ஜோடி லட்சத்த தாண்டி போகுது.

ஒரு கடையில ஹியரிங் எய்டு போடலன்னா மறதி நோய் வரும்னு பயமுறுத்துனாங்க. 2023-ல வந்த அச்சீவ் ஆய்வுல 70-ல இருந்து 84 வயசு வரை 977 பேர மூணு வருஷம் பாத்தாங்க, மொத்தமா பாத்தா ஹியரிங் எய்டு குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் வித்தியாசம் தெரியல, ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த ஒரு பிரிவுக்கு மட்டும் மூளை மங்குற வேகம் 48 சதவீதம் கம்மியாச்சு. 47 வயசுக்காரன பயமுறுத்த அது போதாது. பயப்பட வேண்டியது வேற, ஒரு காது திடீர்னு ஒரே நாள்ல மந்தமானா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடணும், ஸ்டீராய்டுக்கு முதல் ரெண்டு வாரம்தான் நல்ல நேரம்.

நான் ட்ரையலுக்கு ஒரு ஜோடி ஹியரிங் எய்டு வாங்கியிருக்கேன், நுனியில ஓட்ட போட்ட ரப்பர், கீழ் சுருதி இயல்பா உள்ள போக விட்டுட்டு மேல் சுருதிய மட்டும் சேக்குற வகை. முத நாள் பேப்பர் புரட்டுறது, கேரி பேக் கசங்குறதெல்லாம் தகரத்துல கீறுற மாதிரி இருந்துச்சு, மூளை பழக சில வாரம் ஆகும்னாங்க. பத்து நாள் ஆச்சு, "ஆங்?" குறைஞ்சிருக்கு. முறுக்கு சாப்பிடும்போது மட்டும் கழட்டி வெச்சிடறேன்.