முதியோர் உதவித்தொகை வாங்கினால் பிள்ளைக்கு அவமானமா?

சேலத்தின் நெசவுப் பகுதிகளான குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறியிலேயே காலம் போன பெரியவர்களிடம் முதியோர் உதவித்தொகை பற்றிப் பேச்செடுத்தால், எத்தனை ரூபாய் வரும் என்று முதலில் கேட்பவர்கள் குறைவு. "எம்பையன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நான் எதுக்குத் தம்பி கவர்மெண்ட்டுல எழுதிக் குடுக்கணும்? தெருவுல என்ன பேசுவாங்க?" என்றார் ஒரு பாட்டி. கண் மங்கிவிட்டதால் அவரால் இப்போது பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) பிணைக்க முடியாது. பக்கத்து வீட்டுத் தறிக்குத் தார் (குறுக்கு நூல் சுற்றிய சிறு குழல்) சுற்றிக் கொடுத்து, அதில் கிடைக்கும் சில்லறையில் பிரஷர் மாத்திரை வாங்குகிறார். தினமும் போட வேண்டிய மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறார். மகனும் கூலித்தறிதான், அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தொகை வாங்கினால் 'பெற்ற பிள்ளை சோறு போடவில்லை' என்று தெருவுக்கே பறைசாற்றியது போல ஆகிவிடும் என்பதுதான் பயம். இந்தப் பயத்தால் தகுதியுள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்வதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆக்கினார்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் வருபவர்களுக்கு, 79 வயது வரை 200 ரூபாயும் 80-லிருந்து 500 ரூபாயும் மத்திய அரசின் பங்கு. மீதியை மாநில அரசு போடுகிறது. முதுமையிலும் நோயிலும் உடல் ஊனத்திலும் மக்களுக்கு அரசு உதவ வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 41-வது பிரிவே சொல்கிறது. ஆக, இது எந்தக் கட்சிக்காரரும் கைக்காசிலிருந்து எடுத்துக் கொடுக்கும் தானம் இல்லை.

அப்புறம், அரசுக்குப் போகிற பணத்தில் அந்தப் பாட்டியின் பங்கும் உண்டு. மகன் 200 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் சுமார் 30 ரூபாய் ஜிஎஸ்டி. சோப்பு, பேஸ்ட் என்று எதை வாங்கினாலும் வரி கட்டித்தான் வாங்குகிறார்கள். தொகை பெறுபவர்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை தருகிறார்களே, அரசு தருகிற அந்தத் துணியும் ஈரோடு, திருச்செங்கோடு, சேலம் வட்டாரத் தறிகளில் நெய்ததுதான்.

சரி, மகன் விஷயம். விண்ணப்பம் கொடுப்பதால் பிள்ளைகள் மேல் எந்த வழக்கும் வராது. பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகள் மீது நடவடிக்கை கேட்பதற்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதற்கு மனுவும் தனி, விசாரணையும் தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுபவர்கள் நிறையப் பேர்.

60 வயது நிறைந்திருக்க வேண்டும். சொந்த வருமானமும் குடும்பத்தாரின் பண ஆதரவும் இல்லாத நிலையா என்று பார்ப்பார்கள். நிலையான சொத்து ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. அரசு கொடுத்த இலவச வீடு இந்தக் கணக்கில் சேராது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் பாஸ்புக், போட்டோ எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரும் (விஏஓ) வருவாய் ஆய்வாளரும் (ஆர்.ஐ.) விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகு, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் முடிவெடுப்பார். பெரியவர்கள் கூசிப்போவது இந்த விசாரணையில்தான். வாசலில் நின்றுகொண்டு "மகன் எவ்வளவு சம்பாதிக்கிறான், சோறு போடுகிறானா?" என்று கேட்டால் எதிர்வீட்டுக்கும் கேட்கும். "உள்ளே வந்து உட்காருங்க, சொல்றேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டு வருமானம் இவ்வளவுதான் என்று அவர்களே சொல்லிவிட்டால் பெரியவருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேளுங்கள். பணம் வங்கிக் கணக்குக்குப் போவதால், வாங்குவது அடுத்த வீட்டுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு தயக்கமும் காதில் விழுகிறது. மாமியார் முதியோர் தொகை வாங்கினால் மருமகளின் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்கிறார்கள். நிற்காது. முதியோர் தொகை வாங்குபவர் உள்ள குடும்பத்திலும், தகுதியுள்ள வேறொரு பெண் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2023 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டார்கள். ஒரே பெண் இரண்டையும் வாங்க முடியாது, அவ்வளவுதான். கைத்தறி நெசவாளர் ஓய்வூதியம் ஏற்கெனவே வாங்குபவருக்கும் இது கிடைக்காது.

ஏற்காடு மலையில் கதை வேறு. நாகலூர், செம்மநத்தம் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கூச்சத்தைவிட வயதுதான் தடை. பிறந்த தேதி தெரியாமல் ஆதாரில் ஏதோ ஒரு வருடம் போட்டிருப்பார்கள். காபித் தோட்டத்தில் முதுகு வளைந்தவருக்கு ஆதாரில் 55 வயது இருக்கும். பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்த முடியும் என்பதால், தகுந்த சான்றைத் தேடி எடுத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போங்கள். விண்ணப்பம் அதற்குப் பிறகு போதும்.

மனுவைத் தள்ளுபடி செய்தால் என்ன காரணம் என்று கேட்டு வாங்குங்கள். காரணம் சரியில்லை என்று பட்டால், திங்கள்கிழமை சேலம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் ஒப்புகைச் சீட்டு நகலோடு மனு கொடுக்கலாம். போய்வர முடியாத பெரியவர்கள் முதியோர் உதவி எண் 14567-க்கு போன் செய்து வழி கேட்கலாம். அழைப்புக்குக் காசு கிடையாது.